ரசிகரின் கண்ணீர் யாருடையது?

பல சூப்பர்ஹீரோக்கள் ஒரே கதையில் திரளும் படத்துக்கு வரும் ரசிகர் தியேட்டரில் மூன்று காரியங்களைச் செய்கிறார். தனக்குப் பிடித்த வீரர் திரையில் வரும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார். வந்ததும் எழுந்து நின்று கத்துகிறார். அந்த வீரர் மடிந்தால் அழுகிறார். நடை திறக்கக் காத்திருப்பதும், திறந்ததும் கைகளை உயர்த்திக் குரல் எழுப்புவதும், தெய்வத்தின் துயரக் கதையைக் கேட்டுக் கண் கலங்குவதும் பக்தரின் வழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ரசிகரின் உணர்ச்சி பக்தியா, கலை தரும் சுவையா, இரண்டிலும் சேராத வேறொன்றா என்ற கேள்வி இங்கிருந்து பிறக்கிறது. இதைச் சினிமாப் பைத்தியம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இந்திய மெய்யியல் அப்படித் தள்ளவில்லை. கதை என்று தெரிந்திருந்தும் மெய்யான கண்ணீர் எப்படி வருகிறது என்பதை அது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வந்திருக்கிறது.

இந்தக் கேள்வியை எழுப்பத் திருவனந்தபுரத்தின் தம்பானூரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கும் இந்தப் பகுதியில்தான் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளும், நியூ தியேட்டரும், எஸ்.எல். தியேட்டராக இருந்து ஏரிஸ் பிளெக்ஸ் ஆன வளாகமும் இருக்கின்றன. கும்ப மாதப் பூர நட்சத்திரத்தன்று இதே சாலைகளின் இருபுறமும் செங்கல் அடுப்புகள் வரிசை கட்டிவிடும். கண்ணகியாகக் கருதப்படும் ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிட வரும் பெண்கள் ரயில் நிலைய வாசல் வரை இடம் பிடித்து அமர்ந்திருப்பார்கள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு செய்த விழா இது. ஆக, திரை வீரர்களுக்காகவும் கதைத் தெய்வத்துக்காகவும் மக்கள் திரளும் தெரு ஒன்றேதான்.

கூட்டு வீரர் படத்தின் அமைப்பிலேயே சமயச் சாயல் ஒன்று இருக்கிறது. 2008-இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்தில் தொடங்கிய மார்வெல் வரிசையின் 22-ஆவது படம் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’. 2019 ஏப்ரல் 26 அன்று இந்தியாவில் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் வெளியானது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஓடும் அந்தப் படத்தில் எல்லா வீரர்களும் ஒரே போர்க்களத்தில் நிற்கிறார்கள். அரங்கில் இருப்பவர் எல்லோரையும் பார்க்கிறார். ஆனால் ஒருவருக்காகவே வந்திருக்கிறார். ஒருவருக்கு அயர்ன் மேன், இன்னொருவருக்குத் தோர், மூன்றாமவருக்கு பிளாக் விடோ. பல தெய்வங்களை ஒப்புக்கொண்டு ஒன்றை மட்டும் இஷ்ட தெய்வமாகப் பற்றிக்கொள்ளும் மனத்துக்கு இந்த ஏற்பாடு புதிதே அல்ல. முருகன் அடியவர் சிவனை மறுப்பதில்லை. கண்ணன் அடியவர் இராமனை விலக்குவதில்லை. தன் தெய்வத்தின் முறை வரும்போது மட்டும் நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது.

எண்ட்கேமில் பல ஊர் அரங்குகளில் பெரும் ஆரவாரம் எழுந்த ஒரு காட்சி இதை நன்கு காட்டுகிறது. தகுதி உள்ளவர் கைக்கு மட்டுமே அசையும் தோரின் சுத்தியல் தரையில் கிடக்கிறது. அது எழுந்து பறந்துபோய்ச் சேர்வது கேப்டன் அமெரிக்காவின் கையில். தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஒரு கருவி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ரசிகர்களைத் துள்ளி எழவைத்தது, நல்லவன் நல்லவன்தான் என்று ஒரு சாட்சி சொல்லக் கிடைத்ததே. வில்லை வளைத்தவனுக்கே சீதை என்ற நிபந்தனையைக் கேட்டு வளர்ந்த மண்ணில் அந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

இனி, அழுகையைப் பார்க்கலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு உணர்ச்சிகளை வகுக்கிறது. அவற்றுள் பெருமிதம் பிறக்கும் நிலைகளாகக் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கையும் சொல்கிறது. வீரத்தோடு கொடையையும் ஒரே இடத்தில் வைத்தது கூர்ந்த பார்வை. எண்ட்கேமில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் தன் உயிரைக் கொடுத்து வில்லன் தானோஸை அழிக்கும் கட்டத்தில் ரசிகருக்கு வருவது வெறும் துயரம் அன்று, துயரத்தோடு கலந்த நிமிர்வு. தறுகண் கொடையாக மாறிய இடத்தில் அழுகையும் பெருமிதமும் ஒன்றாக வருகின்றன. உரையாசிரியர் பேராசிரியர் அழுகையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்: தனக்கு நேர்ந்ததற்கு அழுவது ஒன்று, பிறர் துயர் கண்டு அழுவது மற்றொன்று. ரசிகரின் கண்ணீர் இவற்றில் எந்த வகை என்பதில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

வடமொழிக் கலைக் கோட்பாட்டாளர்கள் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டினார்கள். பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு ஆயிரமாம் ஆண்டை ஒட்டிக் காஷ்மீரத்தில் உரை எழுதிய அபிநவகுப்தர், அவருக்கு முன்னோடியான பட்ட நாயகரின் கருத்தை எடுத்து வளர்த்தார். காளிதாசரின் சாகுந்தலத்தில் துஷ்யந்தனின் தேருக்கு முன் ஒரு மான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது. பார்ப்பவர் அச்சத்தை உணர்கிறார். அந்த அச்சம் ‘எனக்கு ஆபத்து’ என்பதாகவும் இல்லை, ‘அந்த மானுக்கு ஆபத்து, எனக்கென்ன’ என்பதாகவும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத, இடமும் காலமும் கழன்றுபோன அச்சம் அது. அப்படிச் சொந்தம் நீங்கிய உணர்ச்சியே சுவை. ‘என்னுடையது’ என்ற எண்ணம் நுழைந்தால் சுவைக்கு இடையூறு வந்துவிட்டது என்று பொருள். இந்த அளவுகோலின்படி, தோருக்காகத் தொண்டை வறளக் கத்தும் ரசிகர் நல்ல ரசிகர் ஆகமாட்டார். அவர் எல்லாவற்றையும் தன்னோடு ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் சேர நாட்டிலேயே இதற்கு நேர்மாறான முன்மாதிரி ஒன்று உண்டு. திருவஞ்சிக்களத்தில் பிறந்ததாக வைணவ மரபு போற்றும் குலசேகர ஆழ்வார் அரசர். ‘பெருமாள் திருமொழி’யைத் தமிழில் பாடியவர். இராமாயணக் கதை கேட்பதில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைக் குருபரம்பரை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. கரனும் தூடணனும் பதினாலாயிரம் அரக்கரோடு வர, இராமன் தனியே எதிர்த்து நிற்கும் கட்டத்தைக் கதை சொல்பவர் விவரித்துக்கொண்டிருந்தார். அரசரால் பொறுக்க முடியவில்லை. தன் சேனையைத் திரட்டி, இராமனுக்குத் துணையாகப் போரிடப் புறப்படுமாறு ஆணையிட்டுவிட்டார். சொல்பவர் பதறிப்போய், இராமன் ஒருவனே அத்தனை பேரையும் வென்றான், சீதை அவனைத் தழுவிக்கொண்டாள் என்று கதையை வேகமாக முடித்த பிறகே அரசர் அமைதியானார். அன்று முதல் துயரப் பகுதிகளைச் சுருக்கியும் வெற்றிப் பகுதிகளை விரித்தும் சொல்வது வழக்கமாயிற்று. இன்னொரு நாள் வேறொருவர் கதை சொல்ல வந்து, சீதையை இராவணன் கவர்ந்து சென்ற கட்டத்தைச் சொல்லிவிட, அரசர் இலங்கைக்குப் போவதற்காகக் கடலிலேயே இறங்கிவிட்டாராம்.

கதையின் முடிவு அவருக்குத் தெரியாததா? இராமன் வெல்வான் என்பது அந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். எண்ட்கேம் வெளியானபோது கதையை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று இயக்குநர்களான ரூஸோ சகோதரர்கள் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலே அந்தப் படத்தைத் தாங்கியது. குலசேகரரின் அவையில் முடிவைச் சொல்வதுதான் மருந்தாகப் பயன்பட்டது. முடிவு தெரிந்த கதை ஒருவரை இந்த அளவுக்கு உலுக்குமானால், உலுக்குவது புதுமையாக இருக்க முடியாது. அந்த நொடியில் இராமன் தனியாக நிற்கிறான் என்பது ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பிடித்த படத்தை ஏழாவது முறை பார்த்து அதே இடத்தில் அழும் ரசிகருக்கும் அப்படித்தான். அவர் செய்தி தெரிந்துகொள்ள வரவில்லை, உடன் நிற்க வந்திருக்கிறார்.

பாலக்காடு, திருச்சூர் பகுதிகளின் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்து இந்த உடனிருப்புக்கு இன்னும் வியப்பான வடிவம் தருகிறது. இராமனும் இராவணனும் போரிட்ட காலத்தில் காளி, தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாள். அதனால் அந்தப் பெரும் போரை அவள் பார்க்கவில்லை. அந்தக் குறை தீர அவளுக்காகக் கோயிலின் எதிரே கூத்துமாடம் கட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் ஏற்றி, மான்தோல் பாவைகளை அசைத்து, கம்பராமாயணத் தமிழ்ப் பாடல்களைச் சொல்லி மலையாளத்தில் விளக்குகிறார்கள் புலவர்கள். கூத்து பல இரவுகள் நீள்கிறது. நள்ளிரவுக்கு மேல் எதிரே மனிதர் ஒருவரும் இல்லாமல் போவதும் உண்டு; அப்போதும் ஒரு பாட்டுக்கூட விடுபடாது. பார்வையாளர் தேவி. தெய்வமே கதை கேட்க விரும்புகிறது, தான் தவறவிட்ட போரைப் பார்க்க ஏங்குகிறது என்று நம்பும் ஒரு மரபு, கதைக்காக ஏங்கும் மனித மனத்தைக் கீழானது என்று எண்ணியிருக்க முடியாது.

அப்படியானால் விலகி நிற்கச் சொல்லும் அபிநவகுப்தரைவிட, கடலில் இறங்கிய குலசேகரரே சரியான வழிகாட்டியா? திருவனந்தபுரத்திலேயே நடந்த ஒரு கொடுமை இந்த முடிவுக்கு வர விடாமல் தடுக்கிறது. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ ஜே.சி. டேனியல் எடுத்தது; அதன் முதல் காட்சி நகரின் கேப்பிட்டல் கொட்டகையில் நடந்தது. கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோஸி. காக்காரிசி நாடகத்தில் தேர்ந்த தலித் பெண். படத்தில் அவர் ஏற்றது ஒரு நாயர் பெண்ணின் வேடம். அவர் கூந்தலில் இருந்த பூவைக் கதாநாயகன் முத்தமிடும் காட்சியில் மேல்சாதிக் கூட்டம் கொதித்தது. திரை மீது கல் விழுந்தது. ரோஸியின் குடிசை எரிக்கப்பட்டது. அவர் ஊரை விட்டுத் தப்பித் தமிழ்நாட்டுப் பக்கம் சென்று, பெயர் தெரியாதவராக மீதி வாழ்க்கையைக் கழித்தார். அன்று கல்லெறிந்தவர்களும் கதைக்கும் தங்களுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை அழித்தவர்கள்தான். திரையில் தெரிந்ததை அவர்களும் மெய்யென்றே எடுத்துக்கொண்டார்கள்.

குலசேகரரையும் அந்தக் கூட்டத்தையும் பிரிப்பது எது? இருவரும் தூரத்தை அழித்தார்கள். குலசேகரர் அழித்தபோது அவருடைய ‘நான்’ கரைந்தது. அரசன் என்ற நினைவும், உயிர் மீதான அச்சமும், இலங்கைக்கு எத்தனை காத தூரம் என்ற கணக்கும் அந்த நொடியில் அவரிடம் இல்லை. கேப்பிட்டல் கொட்டகையில் நடந்தது நேரெதிர். அங்கே ஒவ்வொருவரின் ‘நான்’ வீங்கிற்று. என் சாதி, என் மானம், என் வீட்டுப் பெண்ணின் சாயல் என்று. இப்படிப் பார்த்தால் அபிநவகுப்தரும் குலசேகரரும் முதலில் தோன்றிய அளவுக்கு எதிரிகள் இல்லை. ஒருவர் சொந்தம் நீங்குவதைச் சுவை என்கிறார். மற்றவர் தன்னையே மறந்து ஓடுகிறார். இருவரிடமும் ‘என்னுடையது’ என்ற பிடி தளர்கிறது. ரசிகரின் உணர்ச்சியை அளக்க வேண்டிய கோல் இதுதான். அவர் எவ்வளவு சத்தமாகக் கத்தினார், எத்தனை முறை அழுதார் என்பதெல்லாம் அடுத்தபடி.

கூட்டு வீரர் படங்கள் இந்தக் கோலுக்குக் கடினமான சோதனை வைக்கின்றன. பலர் இருப்பதால் ஒப்பீடு வருகிறது. என் ஆளுக்கு எத்தனை நிமிடம், கடைசி அடி யார் அடித்தது, எங்களவரை ஏன் குண்டனாகக் காட்டினார்கள் என்ற கணக்குகள் தொடங்குகின்றன. எண்ட்கேமில் தோரின் உடல் தளர்ந்து, குடியில் மூழ்கிக் கிடக்கும் நிலையைச் சில ரசிகர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். தோல்வியில் உடைந்த ஒரு வீரனின் துயரம் அவர்கள் கண்ணுக்கு எட்டாமல் போனது. தங்கள் தேர்வுக்கு நேர்ந்த இழுக்கு மட்டும் தெரிந்தது. தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தபோது, முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரல் இல்லையே என்று பலர் வருந்தியது வேறு வகை. காதுக்கு நெருங்கிய ஒருவரை இழந்த வருத்தம் அது. அதில் அன்பு இருக்கிறது. ஒரே நாளில், ஒரே அரங்கில், ஒரே ஆளிடம்கூட இந்த இரண்டும் மாறி மாறி எழலாம்.

திரை வீரர் ஏற்கெனவே வழிபடப்படும் உருவமாக இருக்கும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. 2025 ஆகஸ்ட் 28 அன்று, ஓணக் காலத்தில் வெளியான ‘லோகா: அத்தியாயம் 1 – சந்திரா’ மலையாள நாட்டுக்கதை உருவங்களைக் கொண்டே ஒரு சூப்பர்ஹீரோ உலகத்தைக் கட்டியது. டொமினிக் அருண் இயக்கினார். கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற சந்திரா வேறு யாரும் அல்ல, கள்ளியங்காட்டு நீலி. வரிசையில் சாத்தனும் ஒடியனும் இருக்கிறார்கள். கடமற்றத்துக் கத்தனாரும் வருகிறார். இவர்களில் சாத்தனுக்குக் கேரளத்தில் இன்றும் கோயில்களும் வழிபாடும் உண்டு. கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டிய இடம். தென் திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டில் நீலி, ஆண்களை வழிமறித்துக் கொல்லும் பழிவாங்கியாகவே பாடப்பட்டாள். ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் இசக்கியம்மனாகக் கும்பிடப்படுபவளின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது.

பயமுறுத்தியவளைக் காப்பவளாக மாற்றிய முதல் முயற்சி இந்தப் படம் என்று எண்ணிவிட வேண்டாம். பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்று பொதுவாகக் கருதப்படும் சமணக் காப்பியமான ‘நீலகேசி’, பேயாகப் பேசப்படும் பழையனூர் நீலியையே தலைவியாக வைத்தது. முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்தி விரட்ட வரும் நீலி, அவர் அசையாமல் இருப்பதைக் கண்டு அவரிடமே அறம் கேட்டு மாணவியாகிறாள். பிறகு பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என ஒவ்வொருவரையும் தேடிச் சென்று வாதில் வெல்கிறாள். பேய் ஒன்றைத் தருக்க வீராங்கனையாக்கத் துணிந்த அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரின் துணிவு பெரியது. நீலியின் ஆற்றலை அவர் பறிக்கவில்லை. அது பாயும் திசையை மாற்றினார். லோகாவைப் பார்த்துக் கைதட்டியவர்களும் ஏறக்குறைய அதே மாற்றத்தைத்தான் வரவேற்றார்கள். ஊரின் பயத்தில் ஒடுக்கப்பட்டுக் கிடந்த ஒருத்தி நிமிர்ந்து நடப்பதைக் கண்டு தன் அச்சத்தை விடும் ரசிகரிடம் ‘நான்’ கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இருந்தாலும் தியேட்டரும் கோயிலும் ஒன்றாகிவிடுவதில்லை. வேறுபாடு உணர்ச்சியின் ஆழத்தில் இல்லை. கதை கேட்டவரிடம் என்ன கேட்கிறது என்பதில் இருக்கிறது. ஆற்றுக்கால் விழாவில் கண்ணகியின் கதை தோற்றம்பாட்டாக நாள்தோறும் தொடர்ந்து பாடப்படுகிறது. மதுரையை எரித்தபின் கண்ணகி கொடுங்கல்லூர் போகும் வழியில் ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது ஊர் நம்பிக்கை. ஒன்பதாம் நாள் பாண்டியன் மடியும் பகுதியைப் பாடி முடித்ததும் கருவறையிலிருந்து எடுத்த தீயால் பண்டார அடுப்பு மூட்டப்படுகிறது. அங்கிருந்து தீ கைமாறிக் கைமாறித் தெருத் தெருவாகப் பரவித் தம்பானூர் வரை வந்து சேர்கிறது. விரதம் இருந்து, புதுப் பானையும் அரிசியும் வெல்லமும் தேங்காயும் கொண்டுவந்து வெயிலில் காத்திருந்த பெண், கதை அந்த இடத்துக்கு வரும்போது அடுப்பைப் பற்றவைக்கிறாள். கதையின் ஒரு நிகழ்ச்சி அவள் கைக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. கண்ணகிக்கு நியாயம் கிடைத்தது என்ற நிறைவை அவள் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, சமைத்துப் பகிர்கிறாள். பக்கத்து அடுப்பில் இருப்பவள் எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்க அங்கே நேரமும் இல்லை. எண்ட்கேம் தன் ரசிகரிடம் இப்படி எதையும் கேட்பதில்லை. விளக்கு எரிந்ததும் அவர் விடுதலையாகிறார். இது படத்தின் குறை என்று சொல்ல முடியாது. வணிகக் கலைக்கு அந்த உரிமை இல்லை. கட்டளையிடும் அதிகாரம் கதைக்கு ஒரே நாளில் வந்துவிடாது, தலைமுறைகளின் நோன்பு அதற்கு வேண்டும்.

கட்டளை இல்லாத இடத்தில் ரசிகரே தனக்கு ஒரு கடமையை ஏற்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார். கட்அவுட்டுக்குப் பாலூற்றுவதும், விடியற்காலைக் காட்சிக்கு மேளம் அடித்து வருவதும் இந்த ஏக்கத்தின் வெளிப்பாடுகள். நெஞ்சில் எழுந்ததைக் கையால் எப்படிச் செய்து தீர்ப்பது என்று தெரியாத தவிப்பு அவற்றில் இருக்கிறது. ரத்த தானமும் அன்னதானமும் நடத்தும் ரசிகர் மன்றங்கள் அந்தத் தவிப்புக்கு மேலான வழி கண்டவை. தொல்காப்பியர் பெருமிதத்தோடு சேர்த்த கொடை அங்கே வந்துவிடுகிறது.

வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்து இதில் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. ஒரு வீட்டில் சாவு நடந்தால் பதினாறாம் நாள் காரியத்தில் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைப்பது அங்கே வழக்கம். பாரதம் என்ற மாபெரும் கூட்டு வீரர் கதையில் தோற்ற பக்கத்தில் நின்று மடிந்தவன் கர்ணன். செய்த புண்ணியம் அனைத்தையும் கேட்டவனுக்குக் கொடுத்துவிட்டுச் சாகிறான். இரவு முழுக்க அவன் சாவைப் பார்க்கும் வீட்டார் அவனுக்காக அழுகிறார்கள். தங்கள் வீட்டில் இறந்தவருக்காகவும் அழுகிறார்கள். பேராசிரியர் பிரித்த இரண்டு அழுகையும் அந்தக் களத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இறந்தவரும் கர்ணனைப் போல நற்கதி அடைவார் என்ற நம்பிக்கையோடு விடியும்போது கூத்து முடிகிறது. வீட்டார் அடுத்த சடங்கைத் தொடங்குகிறார்கள்.